கழிவு நார் கண்ணாடி இழையின் இடத்தைப் பிடிக்குமா?

பாக் விரிகுடாவின் கரையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் இராமநாதபுரம் மாவட்ட மீனவ ஊர் திருப்பாலைக்குடி. கிழக்கே கடல், மேற்கே வானம் பார்த்த வயல்களும் பனைகளும் சீமைக்கருவேலும். இந்தக் கடலோரத்தில் மரப்படகுகளின் இடத்தை ‘பைபர்’ படகுகள் சிறுகச் சிறுகப் பிடித்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நிவாரணப் படகுகள் தமிழகக் கரை நெடுகிலும் அந்த மாற்றத்தை விரைவாக்கின. பைபர் படகின் உடம்பு கண்ணாடி இழைப் பாயாலும் பாலியெஸ்டர் ரெசினாலும் ஆனது. இரண்டும் தொலைவிலுள்ள ஆலைகளிலிருந்து வருபவை.

சாலைக்கு மேற்கே வேறொரு வகை இழை ஆண்டுதோறும் விளைகிறது. நெல் வைக்கோல், உமி, பருத்தி மார், மிளகாய் மார், தேங்காய் மட்டை, பனை மட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு, கண்மாய்களையே அடைத்து நிற்கும் சீமைக்கருவேலின் பட்டை. இவற்றைக் கொண்டு பிளாஸ்டிக்கை வலுவாக்க முடியுமா, கண்ணாடி இழைக்கு மாற்றாக நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. இதுவரை வந்த பதில்களை வரிசைப்படுத்தினால், பல ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட பதில்கள்.

தட்டுப்பாடு அழைத்த நார்

நாரையும் பிசினையும் சேர்ப்பது கடற்கரைக்குப் பழக்கமான வேலைதான். பலகைப் படகின் இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்துக் குங்கிலியம் பூசும் கலப்பத்து வேலையும், மரத்தின் மேல் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைத் தடவிக் காப்பதும் அதன் பழைய வடிவங்கள். வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவரின் தத்துவமும் இதுவே. குழைந்து வடிவம் கொடுக்கும் பொருள் ஒன்று, இழுவையைத் தாங்கி விரிசலைத் தடுக்கும் நார் இன்னொன்று. இப்படிச் சேர்ந்ததையே இன்று கூட்டுப்பொருள் என்கிறார்கள்.

தொழிற்சாலை யுகத்தில் முதல் பதிலைத் தந்தது பேக்கலைட். லியோ பேக்லேண்ட் 1907இல் உருவாக்கிய இந்த முதல் செயற்கைப் பிசின் தனியாக இருந்தால் எளிதில் நொறுங்கும். மரத்தூளைக் கலந்த பிறகுதான் அது சந்தைக்கான சரக்கானது. 1930களில் இங்கிலாந்தில் நார்மன் டி புரூய்ன் ஆளிச்செடி நாரைப் பினாலிக் பிசினில் தோய்த்து ‘கார்டன் ஏரோலைட்’ என்ற பொருளைச் செய்தார். போரில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற அச்சத்தில், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடற்பகுதி ஒன்று அந்தப் பொருளிலேயே சோதனைக்காகக் கட்டப்பட்டது. அந்தத் தட்டுப்பாடு வரவில்லை, நார் விமானமும் உற்பத்திக்குப் போகவில்லை. 1941இல் ஹென்றி ஃபோர்டு பிளாஸ்டிக் தகடுகளால் மூடிய கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். சோயா, கோதுமை, சணப்பு என்று அதன் சேர்மானம் பலவிதமாகச் சொல்லப்படுகிறது. அதுவும் சாலைக்கு வரவில்லை.

சாலைக்கு வந்தது கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட். எஃகுத் தகடு கிடைப்பது அரிதாக இருந்த நாட்டில், சோவியத்திலிருந்து வந்த பருத்திக் கழிவையும் பினாலிக் பிசினையும் அழுத்திச் செய்த தகடுகளைப் போர்த்திக்கொண்டு 1957 முதல் 1991 வரை ஏறத்தாழ 30 லட்சம் கார்கள் ஓடின. வேளாண் கழிவு நார் இவ்வளவு பெரிய அளவில் உழைத்ததற்கு வேறு உதாரணம் காண்பது கடினம். அது துருப்பிடிக்கவில்லை. ஆனால் கார்களின் காலம் முடிந்தபோது அந்தத் தகடுகளை என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. உருக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை. இந்தக் கதையின் இரண்டாம் பாதியை நார்க் கூட்டுப்பொருளின் ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை.

ஆக, தட்டுப்பாடு வரும்போது நார் அழைக்கப்பட்டது. அது தீர்ந்ததும் திருப்பி அனுப்பப்பட்டது. இதற்கிடையில் 1938இல் அமெரிக்காவில் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டு, கண்ணாடி இழை பெருமளவில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அது வென்றதற்கு வலிமை மட்டும் காரணம் ஆகாது. இன்று வாங்கும் சுருளும் அடுத்த ஆண்டு வாங்கும் சுருளும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற உறுதிக்கும் அதில் சம பங்கு உண்டு.

சணல் வீடும் தேங்காய் நார்த் தலைக்கவசமும்

இந்தியாவில் இந்தக் கேள்வி 1970களில் வேறு முகத்தோடு வந்தது. உள்ளூரில் விளையும் நாருக்கு மதிப்புக் கூட்டுவதும், மலிவாக வீடு கட்டுவதும் அப்போது நோக்கங்கள். ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் இந்திய அரசும் சேர்ந்து சணலும் பாலியெஸ்டரும் கலந்த கட்டுமானத்தைச் சோதித்தன. ‘மெட்ராஸ் ஹவுஸ்’ என்று ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் குறிப்பிடப்படும் வீடு அந்தக் காலத்தது. அடுத்த பத்தாண்டில் திருவனந்தபுரத்தின் மண்டல ஆய்வகத்தில் கே.ஜி. சத்யநாராயணாவின் குழு தேங்காய் நார், வாழை நார் போன்றவற்றை ஒவ்வொன்றாக அளந்தது. தேங்காய் நாரும் பாலியெஸ்டரும் சேர்த்துத் தலைக்கவசம், கூரைத் தகடு, தபால் பெட்டி வரை செய்து பார்த்தார்கள்.

அந்த அளவீடுகள் இன்றும் பயன்படுகின்றன. தேங்காய் நாரின் இழுவலிமை ஏறத்தாழ 100 முதல் 230 மெகாபாஸ்கல். கண்ணாடி இழைக்கு 2000க்கு மேல். விறைப்பிலும் இடைவெளி பெரிது: கண்ணாடிக்கு 70 ஜிகாபாஸ்கல், தேங்காய் நாருக்கு 4 முதல் 6. காரணம் நாரின் உள்ளமைப்பில் இருக்கிறது. வலிமை தருவது செல்லுலோஸ். தேங்காய் நாரில் அது 40 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது, லிக்னினும் ஏறக்குறைய அதே அளவு. போதாததற்கு அந்தச் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளவாக்கில் நேராக ஓடாமல் நன்றாகச் சாய்ந்து, சுருள்வில்போல் சுற்றியிருக்கின்றன. அதனால் இழுத்தால் நீளும்; எளிதில் அறாது; விறைப்பும் தராது. கப்பல் கயிற்றுக்கு இது நற்குணம். தகட்டை விறைப்பாக்க நினைப்பவருக்கு இதுவே தடை.

அந்தக் கால முயற்சிகள் ஓய்ந்ததற்கு ஆய்வகத்தில் தெரியாத ஒரு காரணமும் உண்டு. நார்ப் பாய் கண்ணாடிப் பாயைவிட அதிக ரெசினைக் குடிக்கும். பைபர் படகுப் பட்டறையில் செலவு பிடிப்பதும், பெட்ரோலியத்திலிருந்து வருவதும் ரெசின்தான். மலிவான நாரைப் போட்டு விலையுயர்ந்த ரெசினை அதிகம் ஊற்றும் வேலையில் லாபம் எப்படிக் கிடைக்கும்?

புதுத் தாவரம், புதுக் கட்டுரை

2000க்குப் பிறகு கேள்வி மறுபடி உயிர்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆண்டு கொண்டுவந்த விதி, 2015க்குள் பழைய காரின் எடையில் 95 விழுக்காட்டை மீட்க வேண்டும் என்றது. எரித்தாலும் சாம்பல் அதிகம் மிஞ்சாத, எடை குறைந்த நாரைக் கார் நிறுவனங்கள் தேடத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இந்தத் துறை வேகமாக வளர்ந்ததும் இதன் பின்னணியில்தான். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், விருதுநகர், திருச்செங்கோடு வட்டாரக் கல்லூரிகள் என்று வறண்ட மாவட்டங்களை ஒட்டிய நிறுவனங்கள் இதில் முன்னணியில் இருந்தன.

இராமநாதபுரத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள முடிவு 2013இல் ‘கார்போஹைட்ரேட் பாலிமர்ஸ்’ இதழில் வந்தது. சீமைக்கருவேலின் பட்டையிலிருந்து பிரித்த நாரில் செல்லுலோஸ் 61.65 விழுக்காடு, இழுவலிமை 558 மெகாபாஸ்கல் என்று அந்தக் கட்டுரை சொன்னது. அடர்த்தி கனமீட்டருக்கு 580 கிலோ. கண்ணாடி இழைக்கு ஏறத்தாழ 2500. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊர்கள் திட்டும் மரம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் அகற்றச் சொன்ன மரம், திடீரென்று இழை தரும் மரமாகத் தெரிந்தது. அடுத்தடுத்து பிரண்டை வேர் (2014), வெள்வேலம் பட்டை (2015) என்று புதிய நார்கள் வந்தன.

இந்தத் தரப்பின் பலம் தெளிவானது. எடைக்கு எடை ஒப்பிட்டால் நார் கண்ணாடியோடு போட்டியிட முடியும் என்று அது எண்களால் காட்டியது. பலவீனமும் அந்த எண்களிலேயே இருக்கிறது. 558 என்பது தனி நாரை இழுத்தபோது கிடைத்த அளவு. துண்டுகளாக வெட்டி, எல்லாத் திசையிலும் கிடக்கும்படி பிளாஸ்டிக்கில் கலந்தால் அதில் சிறு பங்குதான் தகட்டுக்குக் கிடைக்கும். நாரின் நீளம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அது அறுவதற்கு முன்பே சுற்றியுள்ள பொருளிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும் என்பதை கெல்லியும் டைசனும் 1965இலேயே உலோகக் கூட்டுப்பொருள்களில் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஊசிவார்ப்பு இயந்திரத்தின் திருகு நாரை மேலும் நறுக்குகிறது. வெப்பமும் ஓர் எல்லை போடுகிறது: செல்லுலோஸ் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருகத் தொடங்கும். 165 டிகிரியை ஒட்டி உருகும் பாலிபுரொப்பிலீன் இதற்கு ஒத்துவரும். 260 டிகிரியில் உருகும் நைலான் 66 ஒத்துவராது.

மழை பெய்த ஆண்டு மரமும் வறட்சி ஆண்டு மரமும் ஒரே நாரைத் தருவதில்லை என்பது இன்னொரு சிக்கல். புதிய தாவரத்தைத் தேடி அளப்பதில் காட்டிய ஆர்வத்தில் பாதியையாவது, ஏற்கெனவே அளந்த நாரின் தரத்தைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பதில் காட்டியிருந்தால் இந்தத் துறை தொழிலுக்கு இன்னும் நெருங்கியிருக்கும். கட்டுரைக்குப் புதுமை வேண்டும், ஆலைக்குப் பழசே திரும்பத் திரும்ப வேண்டும்.

தண்ணீர் என்ற தேர்வாளர்

நாருக்கு எதிரான வாதங்களில் மிகப் பழையதும் இன்னும் முழுதாகத் தீராததும் ஈரம். செல்லுலோஸுக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குப் பிடிக்காது. இரண்டும் ஒட்ட மறுப்பது முதல் சிக்கல். ஒட்டிய பிறகும் நார் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் இடைமுகத்தில் நுண்விரிசல் வளரும்.

இதற்குச் சொல்லப்பட்ட தீர்வுகள் இரண்டு வகை. ஜான் மெர்சர் 1844இல் பருத்தித் துணிக்குக் கண்டறிந்த காரக் குளியல் இன்று நாருக்கும் பயன்படுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் மெழுகும் பசையும் நீங்கி நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகும். மற்றது, மாலிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிபுரொப்பிலீனைச் சிறிதளவு சேர்ப்பது. அது இரு தரப்பையும் கைகோக்க வைக்கும். இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் காரக் குளியல் முடிந்தபின் நாரைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், அந்தக் கழிவுநீரை எங்காவது சுத்திகரிக்க வேண்டும். குடிநீருக்கே காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தை எதிர்பார்த்திருக்கும் மாவட்டத்தில் இது சின்ன விஷயமாகாது.

பிளாஸ்டிக்கால் முழுதும் மூடப்பட்ட நார் அழுகாது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகளால் போட்ட நடைபாதையில் பூஞ்சை முளைத்திருப்பதை 1998இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தபோது அது ஆட்டம் கண்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த சூழல் அது. இராமநாதபுரம் கடலோரத்தில் இவற்றோடு உப்பும் கடும் வெயிலும் சேர்கின்றன. பாம்பன் பகுதி உலகின் மிக மோசமான அரிப்புச் சூழல்களில் ஒன்றாகக் கருதப்படுவதால்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. அங்கே உலோகத்துக்கு வைக்கப்படும் கடுமையான தேர்வு நார்க் கூட்டுப்பொருளுக்கும் தேவை. பெரும்பாலான ஆய்வுகள் தகட்டைச் சில வாரங்கள் நீரில் மூழ்கவைத்து எடை பார்ப்பதோடு நிற்கின்றன. படகின் ஆயுளோ பல ஆண்டுகள்.

யாருக்குக் கழிவு?

இந்தியாவில் ஆண்டுக்கு 75 கோடி டன் உயிர்க்கூளம் கிடைப்பதாகவும் அதில் 23 கோடி டன் அளவுக்கு உபரி என்றும் ஒன்றிய அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் மதிப்பிடுகிறது. நார்க் கூட்டுப்பொருள் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இப்படிப்பட்ட ஓர் எண்ணோடுதான் தொடங்கும். பஞ்சாப், ஹரியானாவில் எரியும் வைக்கோலுக்கு அந்த எண் பொருந்தலாம். இராமநாதபுரத்தில் கணக்கு வேறு.

இங்கே வைக்கோல் மாட்டுத் தீவனம். மழை தவறிய ஆண்டில் அதற்குக் கடும் கிராக்கி. பனை மட்டை வேலிக்கும் பதநீர் காய்ச்சும் அடுப்புக்கும் போகிறது. பனந்தும்புக்குத் தூரிகைச் சந்தை ஏற்கெனவே உண்டு, தூத்துக்குடி வழியாக அது ஏற்றுமதியும் ஆகிறது. சீமைக்கருவேலை எல்லோரும் சபித்தாலும் அதன் விறகும் கரிமூட்டமும் நிலமற்ற பல குடும்பங்களின் வருமானம். ஆக, இந்த நார் எதுவும் சும்மா கிடப்பதில்லை. ஆலை ஒன்று வந்து கேட்டால் அதற்கு விலை ஏறும். ஏறிய விலை ஆடுமாடு வைத்திருப்பவரைத் தொடும். பனந்தும்பு எடுக்க ஆள் வேண்டும் என்பது வேறு, பனையேறிகளின் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே போகிறது. 2021இல் தமிழக அரசு மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்றது. அது மரத்தைக் காக்கும். ஏறும் ஆளை அதனால் கொண்டுவர முடியாது.

உண்மையிலேயே உபரி என்று சொல்லத்தக்கவை உமியும், பருத்தி மாரும், மிளகாய் மாரும்தான். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய் பறித்தபின் நிற்கும் செடிக்குச் சந்தை இல்லை. பருத்தி மாரிலிருந்து துகள் பலகை செய்யலாம் என்று மும்பையின் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிர்காட் செய்து காட்டியிருக்கிறது. ஆனால் மார் இடத்தை அடைக்கும், எடை இல்லாதது, சிதறிக் கிடப்பது. லாரி வாடகைதான் அதன் விலையைத் தீர்மானிக்கும்.

பசுமை என்ற கணக்கு

2004இல் ஜோஷி, டிரசல், மோகன்டி, அரோரா ஆகியோர் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தில் ஒரு திருப்பம். அவர்கள் தொகுத்த கணக்கில் ஒரு கிலோ கண்ணாடி இழைப் பாய்க்குப் புதுப்பிக்க இயலாத ஆற்றல் 54.7 மெகாஜூல், ஆளிச்செடி நார்ப் பாய்க்கு 9.55. கண்ணாடியை 1400 டிகிரி அளவில் உருக்க வேண்டியிருப்பதால் இந்த வித்தியாசம். அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு வேறு: நாரைச் சேர்ப்பதால் பிளாஸ்டிக்கின் அளவு குறைவதும், எடை குறைவதால் வாகனத்தின் எரிபொருள் மிச்சமாவதும்தான் பெரிய லாபங்கள். நகராத பொருளில், உதாரணமாகக் கதவில், எரிபொருள் லாபம் கிடையாது. நார்ப் பொருளின் ஆயுள் கண்ணாடிப் பொருளின் ஆயுளில் பாதிதான் என்றால் மொத்தக் கணக்கும் தலைகீழாகலாம் என்ற எச்சரிக்கை இதிலிருந்து கிடைக்கிறது.

விளம்பரங்களில் அடிக்கடி வரும் ஒரு கூற்றை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நார் கலந்த பாலிபுரொப்பிலீன் மக்காது. நார் மட்கினாலும் பிளாஸ்டிக் துணுக்குகளாக மிஞ்சும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தை அருகில் வைத்துக்கொண்டு அந்தத் துணுக்குகளை அலட்சியம் செய்ய முடியாது. உருக்கி மறுபடி வார்க்கலாம் என்பது உண்மை. ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகும், நிறம் கருக்கும். பாலியெஸ்டரோடு கலந்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

நிலைத்த இடங்கள்

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் நார் சில இடங்களில் ஊன்றிவிட்டது. 2009இல் ஃபோர்டு நிறுவனம் தன் ‘ஃப்ளெக்ஸ்’ காரின் உட்புறச் சேமிப்புப் பெட்டியை 20 விழுக்காடு கோதுமை வைக்கோல் கலந்த பாலிபுரொப்பிலீனில் வார்த்தது. ஜெர்மனியின் ‘ரெசிஸ்டா’ ஏறத்தாழ 60 விழுக்காடு உமியும் 22 விழுக்காடு உப்பும் மீதி கனிம எண்ணெயும் கொண்டது என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். படகுத் தளங்களுக்கும் அது போகிறது. சென்னையின் ‘இன்டோவுட்’ உமியைக் கொண்டு ஒட்டுப்பலகைக்கு மாற்றான பலகை செய்கிறது.

இந்த உதாரணங்கள் எதிலும் கண்ணாடி இழையின் இடத்தை நார் பிடிக்கவில்லை. பிடித்தது மரத்தின் இடத்தை, அல்லது டால்க், சுண்ணாம்புத்தூள் போன்ற நிரப்பிகளின் இடத்தை. உமி உண்மையில் இழையே கிடையாது; சிலிக்கா நிறைந்த துகள். அதில் சாம்பல் 20 விழுக்காடு வரை வரும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மரத்தூளைவிடக் குறைவாகவே ஈரம் இழுக்கும் என்பதால் அது பலகையில் ஜெயிக்கிறது. ‘வலுவூட்டும் நார்’ என்று தொடங்கிய தேடல் சந்தையில் ‘நல்ல நிரப்பி’ என்று முடிந்ததைத் தோல்வி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டுரைகளின் முன்னுரைகள் இந்த வேறுபாட்டை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்னும் தீராதவை

இன்றுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், திருப்பாலைக்குடிப் படகின் அடிப்பாகத்துக்குக் கண்ணாடி இழையை விட்டு உள்ளூர் நாருக்கு மாறச் சொல்ல ஆதாரம் போதாது. கதவு, தடுப்புப் பலகை, இருக்கை, படகின் உட்புறப் பெட்டி மூடி போன்ற, முறிந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத பொருள்களில் நிலைமை வேறு. அங்கே கேள்வி விலையையும் ஆயுளையும் பற்றியது மட்டும். கண்ணாடிப் பாய் வெளியிலும் நார்ப் பாய் நடுவிலுமாக அடுக்கும் கலப்பு முறை இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அது ஈரத்தைத் தள்ளிப்போடும். மேலே ஒரு கீறல் விழுந்தபின் என்னாகும் என்பதற்கு நீண்டகாலச் சோதனைதான் பதில் தர வேண்டும்.

அதிகம் பேசப்படாத திசை ரெசின் பக்கம் இருக்கிறது. நாரை எவ்வளவு மாற்றினாலும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பெட்ரோலியமாகவே இருக்கிறது. பிளாஸ்டிக்கையே விலக்கும் முயற்சியாக, வேளாண் கழிவைப் பூஞ்சை இழையால் பிணைத்துப் பொதிகட்டும் பொருள் செய்யும் வழியை ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். தெர்மாகோலுக்கு அது மாற்றாகலாம், ஆனால் கடல்நீரில் நிற்கும் பொருளாகாது. முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலைக் கொண்டு பிசின் செய்யும் வழியும் இந்திய ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகச் சோதிக்கப்பட்டு வருகிறது. தண்ணீரை அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் கருநிறம், பாலியெஸ்டரைப் போலப் பட்டறையில் சட்டென்று இறுகாத தன்மை, ஏறி இறங்கும் முந்திரி விலை ஆகிய மூன்றும் அதன் முன்னால் நிற்கின்றன. பனந்தும்பையோ தேங்காய் நாரையோ இந்தப் பிசினில் வார்த்து, மண்டபத்துக் கடற்காற்றில் ஐந்தாறு ஆண்டுகள் நிறுத்திப் பார்த்த தகடுகளின் எண்கள் கிடைத்தால், உமிப் பலகைக்கு அப்பால் இந்த நார்களுக்கு இடம் உண்டா என்பதைப் பற்றி இப்போதைவிட உறுதியாகப் பேச முடியும்.